புறாவின் தோலில் கட்டி: தருமபுரி, கிருஷ்ணகிரி புறா வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டியைப் பார்த்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அந்தப் புறாவைத் தனிக்கூண்டுக்கு மாற்றுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் தனியாக இருக்கட்டும். மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்: கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, தொட்டால் எப்படி இருக்கிறது, எத்தனை நாளில் இவ்வளவு பெரிதானது. புறாவின் கட்டியில் பாதி நோயறிதல் இந்த மூன்றிலேயே முடிந்துவிடும்.

கால்கள் இரண்டும் உங்கள் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வர, கட்டைவிரலால் இறக்கை நுனிகளை வால் மேல் சேர்த்துப் பிடித்தால் புறா திமிறாது. கட்டியைச் சுற்றியுள்ள இறகைப் பஞ்சில் தண்ணீர் தொட்டு நனைத்து ஒதுக்கினால் தோல் தெரியும். இறகைப் பிடுங்க வேண்டாம். அடுத்து அலகைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் நாக்கு, மேலண்ணம், தொண்டை மூன்றையும் பாருங்கள். வெளியே கட்டி இருந்தாலும் சேதி பெரும்பாலும் வாய்க்குள் இருக்கும்.

கடைசியாக எடை. சமையலறைத் தராசு போதும். பந்தயப் புறாவான ஹோமர் சுமார் 350 முதல் 450 கிராம் இருக்கும்; குட்டிக்கரணம் போடும் கர்ணப்புறா அதைவிடச் சிறியது. தினமும் ஒரே நேரத்தில், தீனிக்கு முன் எடை போடுங்கள். கட்டி அப்படியே இருந்து எடை மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அது காத்திருக்கக் கூடாத புறா.

கட்டி அல்லாததைக் கட்டி என்று நினைத்துப் பயப்படுவது உண்டா?

நிறைய உண்டு. வால் தொடங்கும் இடத்துக்கு மேலே, முதுகுப் பக்கம், சிறு காம்பு போல இருப்பது எண்ணெய்ச் சுரப்பி. பெரும்பாலான புறாக்களுக்குப் பொதுவானது. விசிறி வால் கொண்ட லக்காப் புறாக்கள் பலவற்றுக்கு மட்டும் அது இருக்காது. கழுத்துக்குக் கீழே மார்பின் முன்பக்கம் உருண்டு நிற்பது தீனிப்பை. மாலையில் நிறைந்திருந்து காலையில் வற்றியிருந்தால் கவலை இல்லை. காலையிலும் பந்து போல நின்று, அழுத்தினால் கொழகொழவென்று இருந்து புளித்த வாடை வந்தால், அது செரிக்காத தீனி. தோல் நோய் அல்ல.

வயதான ஹோமருக்கு மூக்கின் மேல் வெள்ளைத் தடிப்பும் கண் வளையமும் காலிஃபிளவர் போலப் பெருப்பது இயல்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வெள்ளையாக, காய்ந்திருந்தால் அது வயது. ஒரு பக்கம் மட்டும் பழுப்பாக, பொருக்கு கட்டியிருந்தால் அது நோய்.

இடத்தை வைத்து என்ன நோய் என்று சொல்ல முடியுமா?

உறுதியாக முடியாது, ஆனால் முதல் சந்தேகம் எதன் மேல் விழ வேண்டும் என்பது தெரியும்.

- கண்ணோரம், அலகு மூலை, மூக்குத் தடிப்பு, கால் விரல் போன்ற இறகில்லாத இடங்களில் மரு மாதிரி: அம்மை.
- வாய்க்குள் மஞ்சள் கட்டி, அல்லது குஞ்சின் தொப்புளில் கெட்டியான வீக்கம்: கேங்கர் (ஒரு செல் உயிரியால் வரும் நோய்).
- இறக்கை முட்டியில் வெதுவெதுப்பான, நீர் கோத்த வீக்கம், இறக்கை தொங்கல்: சால்மோனெல்லா (பாக்டீரியா நோய்).
- இறக்கைக்கு அடியில், தொடையில் மிளகு அளவு கருநீல மணிகள்: உண்ணி.
- உள்ளங்காலில் வீக்கம், நடுவில் கருப்புப் பொருக்கு: பாதப் புண்.
- பலூன் போல உப்பி, தொட்டால் நொறுநொறுவென்று ஓசை: தோலுக்கடியில் காற்று.
- இறக்கை ஓரத்தில் இறகு முளைக்கும் இடத்தில் மஞ்சள் உருண்டை: உள்ளேயே சுருண்ட இறகு.

நம் பக்கத்தில் மழைக்காலத்தில் வரும் கட்டி என்றால் முதலில் அம்மையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அம்மை என்று எப்படி உறுதி செய்வது?

கொசு கடித்த இடத்தில் முதலில் வெளிறிய சிறு பரு. சில நாளில் அது மஞ்சளாகிப் பெருத்து, பிறகு பழுப்பாகக் காய்ந்து, கரடுமுரடான பொருக்காகிறது. வைரஸ் உள்ளே போனதிலிருந்து பரு தெரிய பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பொருக்கு தானாக உதிர 3 முதல் 4 வாரம். இந்த வளர்ச்சிதான் அடையாளம். இரவோடு இரவாகப் பெரிதான வீக்கம் அம்மை அல்ல.

கூட்டில் யாருக்கு வருகிறது என்பதும் துப்புத் தரும். அந்த வருடக் குஞ்சுகளில் நான்கைந்துக்கு ஒரே வாரத்தில் வந்து, பழைய ஜோடிகள் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் அம்மைதான். ஒருமுறை வந்து தேறிய புறாவுக்கு நீண்ட காலம் எதிர்ப்பு இருக்கும். ஒரே ஒரு கிழப் புறாவுக்கு ஒரே ஒரு கட்டி, மாதக்கணக்கில் மெல்ல வளர்கிறது என்றால் வேறு எதையாவது தேடுங்கள்.

அம்மைக்கு என்ன மருந்து?

வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. “மூன்றே நாளில் அம்மை உதிரும்” என்று விற்கப்படும் எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம். அம்மையால் சாகும் புறாக்களில் பெரும்பகுதி, கண் மூடி, வாய் அடைத்துத் தீனி எடுக்க முடியாமல் சாகிறது. அல்லது பொருக்கைப் பிய்த்த புண்ணில் சீழ் பிடித்துச் சாகிறது. ஆகவே வேலை இரண்டுதான்: புண்ணைச் சுத்தமாக வைப்பது, வயிற்றைக் காலியாக விடாமல் இருப்பது.

காய்ந்த பொருக்கின் மேல் போவிடோன் அயோடினை ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து, வெளிர் டீ நிறத்தில், காதுக் குச்சியால் நாளுக்கு ஒருமுறை தொட்டு வையுங்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது நம் ஊர் வழக்கம். கால், அலகு மூலையில் பூசினால் கெடுதல் இல்லை. கண்ணிமையில் பூசாதீர்கள். எண்ணெயில் குழைத்துத் தலை முழுக்கத் தடவுவதும் தப்பு. இறகு ஒட்டிக்கொண்டு மழைக்குளிரில் புறா நடுங்கும்.

சூடு போடுவது, பிளேடால் சீவுவது, நகத்தால் பிய்ப்பது மூன்றும் கூடாது. பிய்த்தால் ரத்தம் கொட்டும், தழும்பு விழும், கண்ணிமை மூடாமல் போகும். அதோடு அந்தப் பொருக்கில் வைரஸ் உயிரோடு இருக்கும். தூசியில் பல மாதம் தாங்கும். தானாக உதிர்ந்த பொருக்கைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

வைட்டமின் ஏ குறைவாக உள்ள புறாவுக்குத் தோலும் வாயின் உள்தோலும் சீக்கிரம் ஆறாது. கேழ்வரகும் கம்பும் மட்டுமே போடும் கூடுகளில் இது ஒரு காரணம். முருங்கைக் கீரை பொடியாக நறுக்கியது, துருவிய கேரட் ஆகியவற்றை வாரத்தில் மூன்று நான்கு நாள் வையுங்கள்.

கண் மூடிப்போய்விட்டது. பார்வை போய்விடுமா?

பெரும்பாலும் போகாது, திறக்கவைக்கப் போராடாவிட்டால். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. அதில் பஞ்சை நனைத்து இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தால் ஒட்டிய பீளை ஊறித் தானாக வரும். நாளுக்கு இரண்டு வேளை. சீழ் இருந்தால் சிப்ரோஃப்ளாக்சசின் கண் மருந்து ஒரு சொட்டு, மூன்று வேளை. வாங்கும்போது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்ததா என்று அட்டையைப் படியுங்கள். அந்தக் கலவை வைரஸ் புண்ணை மோசமாக்கும்.

தீனி எடுக்கவில்லை. எப்படி ஊட்டுவது?

காய்ந்த பட்டாணியை இரவு முழுக்க ஊறவையுங்கள். புறாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, அலகைத் திறந்து, ஒவ்வொரு பட்டாணியாக நாக்கின் பின்பக்கம் தள்ளிவிடுங்கள், தானாக விழுங்கும். வேளைக்கு 30 முதல் 40, காலையும் மாலையும். அடுத்த வேளை ஊட்டுவதற்கு முன் தீனிப்பை பெருமளவு காலியானதா என்று தடவிப் பாருங்கள். காலியாகாமல் மேலே மேலே ஊட்டினால் உள்ளே புளித்துவிடும்.

தண்ணீருக்கு அலகின் நுனியைக் கிண்ணத்தில் நனைத்தால் போதும், உறிஞ்சிக் குடிக்கும். நாசித் துவாரம் மூழ்க வேண்டாம். சிரிஞ்சில் கொடுத்தே ஆக வேண்டுமானால் சொட்டுச் சொட்டாக, வாயின் ஓரத்தில். நாக்கின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும், அது மூச்சுக்குழல். அதில் 1 மி.லி. போனாலே ஆபத்து.

வாய்க்குள் மஞ்சளாக இருக்கிறது. அம்மையா, கேங்கரா?

இரண்டும் வாய்க்குள் வரும், இரண்டும் மஞ்சள், இரண்டும் மூச்சை அடைக்கும். குழப்பம் நியாயமானதுதான்.

கேங்கர் ஒரு செல் உயிரியால் வருவது; டிரைக்கோமோனாஸ் என்று பெயர். தாய் தந்தை குஞ்சுக்குத் தீனிப்பைப் பால் ஊட்டும்போதும், பொதுக் கிண்ணத்துத் தண்ணீர் வழியாகவும் பரவும். கட்டி பன்னீர்த் துண்டு மாதிரி உதிரியாக, கெட்ட வாடையுடன் இருக்கும். தொண்டையில் பச்சையான கோழை இழையும். இரண்டு மூன்று வாரக் குஞ்சுகள்தான் அதிகம் மாட்டும். அம்மையின் வாய்ப்புண் சவ்வு போல அழுத்தமாக ஒட்டியிருக்கும். அநேகமாக அதே புறாவின் முகத்தில் அல்லது கூட்டில் வேறு புறாவின் முகத்தில் பரு இருக்கும்.

இரண்டில் எதுவானாலும் குச்சியால் சுரண்டி எடுக்காதீர்கள். அடியில் ரத்தக்குழாய் இருக்கிறது. ரத்தம் மூச்சுக்குழலில் இறங்கிப் புறா கையிலேயே செத்துவிடும். கேங்கர் மருந்துக்கு இரண்டு மூன்று நாளில் கட்டி சுருங்கத் தொடங்கும். சுருங்கவே இல்லை என்றால் அம்மை, அல்லது மருந்துக்குப் பழகிய கேங்கர். மருத்துவமனையில் தொண்டைக் கோழையை உடனே நுண்ணோக்கியில் வைத்தால் நெளியும் உயிரிகளைக் கண்ணால் பார்க்கலாம். மாதிரி காய்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. அதனால் புறாவையே கொண்டுபோங்கள்.

கேங்கருக்கு மெட்ரோனிடசோல் எவ்வளவு?

கிலோவுக்கு 50 மி.கி., நாளுக்கு ஒருமுறை, 5 நாள். 400 கிராம் புறாவுக்கு 20 மி.கி. ஆகிறது. 5 மி.லி.யில் 200 மி.கி. உள்ள சிரப் என்றால் 0.5 மி.லி.; 250 கிராம் கர்ணப்புறாவுக்கு 0.3 மி.லி. சிரப் கிடைக்காவிட்டால் 200 மி.கி. மாத்திரை ஒன்றை நன்றாகப் பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்குங்கள், அதில் 1 மி.லி.யில் 20 மி.கி. இருக்கும். பொடி அடியில் தங்கும், எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும்.

அரை மாத்திரையை அப்படியே தொண்டையில் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 200 மி.கி. மாத்திரையில் பாதி என்றாலே அது ஐந்து மடங்கு அளவு. புறா தள்ளாடுவது, கழுத்து நடுங்குவது, குப்புற விழுவது எல்லாம் அதனால் வரும். இரண்டாம் நாளே வாய் சுத்தமாகிவிட்டது என்று நிறுத்துவதும் தவறு. அப்படித்தான் மருந்துக்கு மசியாத கேங்கர் உருவாகிறது. இணையையும் சேர்த்து வைத்தியம் செய்யாவிட்டால் திரும்ப வரும்.

இந்த மருந்து கொடுத்த புறா இறைச்சிக்கு ஆகாது.

இறக்கை முட்டியில் வீக்கம். பறக்க மறுக்கிறது.

அடிபட்டதா என்று முதலில் பாருங்கள். அடி என்றால் தோலில் நிறம் மாறும். பறவைகளுக்கு ரத்தக்கட்டு இரண்டு மூன்று நாளில் பச்சையாகும். அதைப் பார்த்து அழுகிவிட்டது என்று அலற வேண்டாம்.

நிறம் மாறாமல், முட்டியில் உருண்டையாக நீர் கோத்து, புறா மெலிந்து, எச்சம் பச்சையாக நீர்த்திருந்தால் சால்மோனெல்லா சந்தேகம். இது பாக்டீரியா, எச்சத்தாலும் எலி தொட்ட தீனியாலும் வரும். ஊசியால் குத்தி நீரை எடுக்காதீர்கள், மூட்டுக்குள் வெளிக்கிருமியையும் சேர்த்து அனுப்பியதாகும்.

மருத்துவர்கள் பெரும்பாலும் என்ரோஃப்ளாக்சசின் எழுதுவார்கள்: கிலோவுக்கு நாளுக்கு 10 முதல் 20 மி.கி., சுமார் 10 நாள். கடையில் கிடைக்கும் 10 சதவீதத் திரவத்தில் 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கிறது. 400 கிராம் புறாவுக்குக் குறைந்த அளவான 4 மி.கி. வேண்டுமென்றால் 0.04 மி.லி.; சாதாரணச் சிரிஞ்சில் அதைச் சரியாக அளப்பது கடினம். 1 மி.லி. மருந்தை 9 மி.லி. தண்ணீரில் கலந்து, அதிலிருந்து 0.4 மி.லி. கொடுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். மருந்து நாட்களில் கிளிஞ்சல், முட்டையோடு, கால்சியம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மருந்தை அவை கட்டிப்போடும். வளரும் குஞ்சுக்கு இந்த மருந்து மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும், மருத்துவர் சொல்லாமல் கூடாது.

மூட்டு கெட்டியாகிவிட்டால் உயிர் பிழைத்தாலும் பழையபடி பறக்காது. பந்தயப் புறா என்றால் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கட்டி பழுத்துவிட்டது போல இருக்கிறது. கீறி சீழை எடுக்கலாமா?

மனிதருக்கு வருவது போலப் புறாவுக்குச் சீழ் ஒழுகாது. பறவைகளின் வெள்ளணுவில் சீழை நீராக்கும் பொருள் இல்லாததால் அது காய்ந்த பாலாடைக்கட்டி மாதிரி இறுகிவிடும். ஊசி குத்தினால் எதுவும் வராது. பிதுக்கினால் சுற்றியுள்ள சதைதான் நசுங்கும். மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, உள்ளிருப்பதை உறையோடு சுரண்டி எடுக்க வேண்டும். அது மருத்துவர் வேலை. புறாவின் உடம்பில் ரத்தம் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, 400 கிராம் புறாவுக்கு 30 மி.லி. சொச்சம்; பிளேடு வைத்தியத்தில் ஒரு ஸ்பூன் ரத்தம் போவதே பெரிய இழப்பு.

உள்ளே சுருண்ட இறகுக் கட்டிக்கும் இதே பேச்சுதான். பிதுக்கினால் மஞ்சள் மாவு வரும், கட்டி வடியும், அடுத்த இறகுதிர்ப்பில் திரும்ப வரும். இறகு வேரோடு எடுத்தால்தான் தீரும்.

பைரி (வேட்டைப் பறவை) அடித்துத் தப்பி வந்த புறா மறுநாள் பலூன் போல உப்பியிருக்கிறது.

உள்ளே காற்றுப்பை கிழிந்து தோலுக்கடியில் காற்று புகுந்திருக்கிறது. புறா சுறுசுறுப்பாக, மூச்சு சீராக இருந்தால் ஒரு வாரம் சின்னக் கூண்டில் பறக்கவிடாமல் வைத்தால் பெரும்பாலும் வற்றிவிடும். கழுத்துவரை உப்பி மூச்சு வாங்கினால் மருத்துவர் சுத்தமான ஊசியால் காற்றை எடுப்பார். பூனை கவ்வியிருந்தால் காயம் ஊசிமுனை அளவு இருந்தாலும் அன்றே கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) தொடங்க வேண்டும். பூனை எச்சில் ஓரிரு நாளில் ரத்தத்தை விஷமாக்கும்.

உண்ணியை எப்படி எடுப்பது?

புறா உடம்பில் பல நாள் ஒட்டியிருப்பது உண்ணியின் குஞ்சு மட்டும்தான். வளர்ந்தவை பகலில் பலகை இடுக்கிலும் சுவர் விரிசலிலும் பதுங்கி, ராத்திரி வந்து ரத்தம் குடித்துப் போய்விடும். அதனால் பகலில் புறாவைப் பார்த்து “உண்ணி இல்லை” என்று சொல்ல முடியாது. இரவு பத்து மணிக்கு மேல் டார்ச்சோடு பாருங்கள்.

ஒட்டியிருப்பதைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். திருகினால் வாய்ப்பகுதி உள்ளே தங்கிக் கட்டியாகும். புறாவுக்கு மருந்தடித்துக் கூட்டை விட்டால் எல்லாம் வீண். இந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எல்லாப் புறாவையும் வெளியேற்றி, இடுக்குகளைச் சுண்ணாம்பும் சிமெண்டும் வைத்து அடைத்து, இரும்புக் கூண்டு என்றால் தீச்சுவாலை காட்டி, மரம் என்றால் டெல்டாமெத்ரின் அட்டையில் சொன்ன அளவில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே புறாவை விடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை.

கால் விரல் வீங்கிக் கறுத்திருக்கிறது.

நூல். மாஞ்சா, சாக்கு இழை, தலைமுடி ஏதாவது இறுகியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, ஊசியால் நூலைத் தூக்கிச் சிறு கத்தரியால் வெட்டுங்கள். காலில் மாட்டிய வளையம் இறுகினாலும் இதே வீக்கம்தான்.

உள்ளங்கால் வீக்கம் என்றால் கம்பி வலைத் தரையோ உருண்டைக் கம்பியோ காரணம். உட்காரும் இடத்துக்கு 5 செ.மீ. அகலத் தட்டைப் பலகை வையுங்கள்.

அம்மைக்குத் தடுப்பூசி உண்டா? கோழி அம்மை ஊசி போடலாமா?

புறா அம்மை வைரஸில் செய்த தடுப்பு மருந்துதான் புறாவுக்கு முறையானது. தொடையில் சில இறகைப் பிடுங்கி, அந்தக் குழிகளில் தூரிகையால் மருந்தைத் தேய்ப்பார்கள். ஒரு வாரம், பத்து நாளில் அங்கே வீங்கிப் பொருக்குக் கட்டினால் மருந்து பிடித்தது என்று பொருள். நம் பக்கம் எளிதில் கிடைப்பது கோழி அம்மைத் தடுப்பு மருந்து. அது வேறு வைரஸ். அதை நம்பிப் புறாவைக் கொசுக்கடியில் விட முடியாது.

கொசுவைத் தடுப்பதே கையில் இருக்கும் வழி. ஆவணி முதல் கார்த்திகை வரை சாயங்காலம் ஆறு மணிக்கு முன் கொசுவலைத் திரையை இறக்கிவிடுங்கள். கிருஷ்ணகிரி அணைப் பக்கம், கெலவரப்பள்ளிப் பாசனப் பக்கம், ஏரியோரத்துக் கூடுகளுக்கு இது வருடம் முழுக்கத் தேவை. குளியல் தொட்டியை அன்றன்றே கவிழ்க்க வேண்டும். மாடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாம் வாரம் ஒருமுறை. சந்தையில் வாங்கிய புறாவை நான்கு வாரம் தனியாக வையுங்கள்.

மனிதருக்கு ஒட்டுமா? வீட்டுக் கோழிக்கு?

புறா அம்மை மனிதருக்கு வராது. சால்மோனெல்லா வரும், முட்டி வீங்கிய புறாவைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சிறு பிள்ளைகளைப் பிடிக்க விடாதீர்கள். உண்ணி கோழியையும் கடிக்கும், ஆளையும் கடிக்கும்.

எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கால்நடை மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். வெட்டி எடுக்க வேண்டிய கட்டி, புற்றா என்ற சந்தேகம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் சேலம் தலைவாசல் கல்லூரிக்கும் போகலாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு ஹெப்பாள் கல்லூரி பக்கம்.

காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, ஒரு புறாவுக்கு ஒரு பெட்டி. கிளம்பும் முன் எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள். கட்டியைத் தினமும் ஒரு ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் போனில் இருந்தால், வளர்ச்சியை வாயால் சொல்ல வேண்டியதில்லை.